கேட்டுக்கொண்டிருந்த படகு

மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் படகுத்துறையின் கடைசிவரை நடந்து வந்தபோது காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. கடல் எண்ணெய் தடவிய கல்லைப்போலப் பளபளத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. தூரத்தில் வானமும் தண்ணீரும் சேரும் கோட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் வெளிறிய மூட்டம் ஒன்று மட்டும் நின்றது.

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் ரேடியோக்காரி. படகுகளின் ரேடியோவைச் சோதித்து, சரியாக இருந்தால் தாளில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாத படகைத் துறையைத் தாண்டி விடமாட்டார்கள். இன்றைக்கு அதற்காகக் காத்திருந்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் படகில் வலை இழுத்தவனுக்கு முதல்முறையாக ஒரு படகை ஓட்டிப்போகும் பொறுப்பு கிடைத்திருந்தது. வேறு ஏதோ துறைமுகத்தில் கரையேற்றிப் போட்டிருந்த படகு அது. முதலாளி அதை வாங்கி, பழைய கம்பத்தை மட்டும் விட்டுவைத்து மேலறையை இடித்துப் புதிதாகக் கட்டி, நீலச் சாயம் அடித்து, நேற்றுத்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மூன்று மணிக்குப் புறப்பாடு.

தம்பி படகின் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும், உப்பு ஜாடிக்கே டேப் சுற்றி வைக்கிற ஆள் வந்தாச்சு, இனி இன்றைக்குக் கிளம்பின மாதிரிதான் என்று என்ஜின்காரனிடம் அவளுக்குக் கேட்கும்படியே சொன்னான். காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும் நெட்டையான என்ஜின்காரன் தலையைக் குனிந்து சிரித்தான். உன் வாய்க்கு உன் கல்யாணத்தன்றே சுற்றியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் கருவிப் பையோடு ஏறினாள்.

ஏறியதும் ஒரு வாடை. மேலாகச் சாய வாடைதான். அதற்கடியில் இன்னொன்று இருந்தது. பழைய நாணயத்தை வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்துத் திறந்தால் வருமே, அது. சுக்கான் இருந்த மேலறைக்குள் அவள் நுழைந்தபோது வாடையும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

கூரைக்கு மேலே கம்பத்தின் உச்சியில் ஆண்டெனா நின்றது. இரண்டு ஆள் உயர வெள்ளைக் கழி. அளவுக்கு மீறி வெள்ளையாக, பல்செட்டைப்போல மினுமினுத்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தனை வருஷம் தாங்கும்க்கா இது?" என்று தம்பி பின்னாலிருந்து கேட்டான்.

"நல்லாப் பாத்துக்கிட்டா எட்டு, பத்து. பாத்துக்கலைன்னா ரெண்டே வருஷம்."

ரேடியோவின் முதுகைக் கழற்றிக்கொண்டே அவள் சொல்லிப்போனாள். வெளியே தெரிகிற வெள்ளைக் கழி வெறும் சட்டைதான். உள்ளே ஓடுகிற மெல்லிய செம்புக் கம்பிதான் ஆண்டெனா. வெயில் சட்டையைத் தின்னும். கண்ணாடி இழைகள் நரைமுடிபோலப் பிய்ந்து நிற்கும். அதை மறைக்கச் சிலர் மேலே சாயம் அடிப்பார்கள். என்ஜினின் ஓயாத நடுக்கத்தில் ஈயப் பற்று விரிசல் விடும். கேபிள் இணைப்பில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தால் போதும், உப்புத் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஊறுகிற மாதிரி உள்ளே ஊறிக்கொண்டே போகும், செம்பு களிம்பேறிக் கறுத்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சக்தி கொடுத்தாலும் வெளியே போகாது.

"பெரிய ஏமாத்து என்னன்னா, காது கடைசிவரைக்கும் இருக்கும். வாய்தான் முதல்ல போகும். ஊர்ல எல்லாரும் பேசுறது உனக்குக் கேக்கும். நீ பேசுறதும் போகுதுன்னு நம்பிக்கிட்டே இருப்பே."

"எங்க வீட்ல என் நிலைமையும் அதான்" என்றான் தம்பி. என்ஜின்காரன் இந்தத் தடவை சத்தமாகவே சிரித்தான். பிறகு இருவரும் ஐஸ் ஏற்றக் கீழே இறங்கிப் போனார்கள்.

அவள் ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவில் தன் மீட்டரைப் பொருத்தினாள். அதில் இரண்டு முள். ஒன்று, வெளியே போகும் சக்தி. மற்றது, போக வழியில்லாமல் திரும்பி வரும் சக்தி. நல்ல ஆண்டெனாவில் இரண்டாவது முள் படுத்தே கிடக்கும். மைக்கின் பொத்தானை அழுத்தினாள். முதல் முள் எழுந்தது. இரண்டாவதும் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே எழுந்தது. அனுப்பியதெல்லாம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

பொத்தானை விட்டாள்.

ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து, களைத்த ஆண்குரல் ஒன்று.

"மூணு பேர்."

யாரோ பக்கத்துப் படகுக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். யாருக்குச் சொல்கிறான் என்று சிறிது நேரம் காத்திருந்தாள். யாரும் பதில் பேசவில்லை.

கம்பத்தில் ஏறினாள். இரும்பு சுட்டது. கழியின் அடிப்பாகத்தில் சாயத்தைக் கத்தியால் சுரண்டியபோது, அடியிலிருந்து இழைகள் சிலிர்த்து எழுந்து விரல் நுனிகளில் ஏறின. கண்ணுக்குத் தெரியாத முட்கள். இணைப்பின் மேலும் சாயம் கட்டியாக இருந்தது. அதையும் சுரண்டினாள். கறுப்பு டேப் தெரிந்தது.

அவள் கை நின்றது.

டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு சுற்றும் கூரை ஓடு மாதிரி முந்தியதன்மேல் படிந்து மழையை வழியவிடும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் வாய் திறந்த சட்டைப்பை. பெய்கிற மழையையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். இது மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தது. கடைசிச் சுற்றை ஓர் இழுப்பு இழுத்துத் தனக்கடியிலேயே செருகி முடித்திருந்தது. அப்படிச் செருகுகிற பழக்கம் அந்தத் துறைமுகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

அது அவளுடைய கை.

கம்பத்தின் மேலிருந்து அவள் நீலப் படகைக் குனிந்து பார்த்தாள். மேலறை வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. ஆனால் முன்பக்கம் கூம்பிப்போகும் அந்த அடிவயிற்றை யாராலும் மாற்ற முடியவில்லை. அவள் அந்த டேப்பைச் சுற்றியபோது அது பச்சைப் படகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேய்க்காற்று அடித்த ஒருநாள், ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, மறுகை எட்டிய இடத்திலிருந்து, அதாவது மேலேயிருந்து, சுற்றிவிட்டு இறங்கியிருந்தாள். அடுத்த வருஷம் சோதனைக்கு வந்தபோது ஒட்டி நின்ற படகைக் கூப்பிட்டு, "கேக்குதா?" என்றாள். "கணீர்னு கேக்குது" என்றார்கள். கைக்கெட்டும் தூரத்துக்கு, ஆண்டெனாவுக்குப் பதில் நனைந்த கயிற்றைக் கட்டிவிட்டாலும் ரேடியோ பேசும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் படகு திரும்பி வரவில்லை.

பத்தொன்பதாம் நாள் எங்கோ வெகுதூரத்தில் அதைக் கண்டுபிடித்தார்கள். என்ஜின் பழுதாகி மிதந்துகொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை. விசாரணையில் அவளிடம் ரேடியோ சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். தாளைக் காட்டினாள். அப்படியானால் அவர்கள் கூப்பிடவே இல்லை என்று முடிவெழுதினார்கள். படகோட்டி குடித்துவிட்டுக் கிடந்திருப்பான் என்று பேச்சு கிளம்பியது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தாடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த மனிதரின் மனைவி, அந்தப் பேச்சுக்குப் பயந்தே வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். ரேடியோக்காரி வாயைத் திறக்கவில்லை. படகைத்தான் இந்தப் பக்கம் கொண்டுவரவே இல்லையே, எதை வைத்துச் சொல்வது என்று ஒன்பது வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த அத்தாட்சி கையில் இருந்தது.

டேப்பை அறுத்து இணைப்பைத் திருகினாள். உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு அல்ல. மணிக்கட்டு நனைந்து, முழங்கை நனைந்து, அக்குள்வரை ஓடியது. நாணய வாடை. அந்த வெயிலிலும் அது பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது.

கேபிள் எங்கே கெட்டிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நுனியிலிருந்து ஒரு சாண் வெட்டுவார்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் இன்னொரு சாண். பளிச்சென்று செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே வருவார்கள். கேபிளை மொத்தமாக மாற்றப்போகிறோம் என்று தெரிந்தும், எதுவரை போயிருக்கிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. கேபிளை உருவி மேலறைக்குக் கொண்டுவந்து தரையில் போட்டாள். ரேடியோவிலிருந்த மறுமுனையையும் கழற்றினாள். இப்போது ரேடியோவுக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது. அணைக்க மட்டும் மறந்திருந்தாள்.

ஒரு சாண் வெட்டினாள். கறுப்பு.

இன்னொரு சாண். கறுப்பு.

"தண்ணி தீந்துபோச்சு."

அவள் திரும்பவில்லை. திரும்பினால் ரேடியோவின் முதுகில் வெறும் ஓட்டைதான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். எதுவும் இணைக்காத ரேடியோ. வெளியே தளத்தில் ஐஸ் பெட்டி இழுபடும் சத்தமும் தம்பி யாரையோ வைகிற சத்தமும் வேறு உலகத்தில் கேட்டன.

கத்தி தானாகவே இன்னொரு சாண் வெட்டியது. கறுப்பு. வெட்டுவாயிலிருந்து தண்ணீர் கசிந்து அவள் கால் பக்கமாக ஓடி வந்தது.

"இல்லம்மா. வெளிச்சம் ஒண்ணும் தெரியல."

தாடிக்காரருக்கு எல்லோரும் 'அம்மா'தான். சின்னப் பெண்ணாக இருந்த அவளையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இவை பதில்கள்.

படகு காணாமல் போனபோது, கரை நிலையத்தில் இரண்டு நாள் மைக்கின் முன்னால் உட்கார்ந்தவள் அவள்தான். அந்தப் படகின் ரேடியோவைக் கடைசியாகச் சோதித்தவள் என்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்து அரை மணிக்கு ஒருதரம் வாசிக்கச் சொன்னார்கள். படகில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா? அவளும் வாசித்தாள். ஒவ்வொரு முறையும் இரைச்சலைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

அவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. காதுதான் கடைசிவரை இருக்குமே. இரண்டு நாளும் அரை மணிக்கு ஒருதரம் அவள் குரலைக் கேட்டு, அரை மணிக்கு ஒருதரம் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களெல்லாம் கம்பத்தின் உச்சிவரை ஏறி, அவள் சுற்றிய டேப்பில் முட்டி, திரும்பி இறங்கி, மறுபடி ஏறி, இந்தக் கறுத்த செம்புக்குள்ளேயே ஒன்பது வருஷம் போய்ப் போய் வந்துகொண்டிருந்திருக்கின்றன.

"என்னாச்சுக்கா?"

தம்பி வாசலில் நின்றிருந்தான். தரையில் சாண் சாணாகக் கிடந்த கேபிளையும், சிறு குளமாகத் தேங்கியிருந்த தண்ணீரையும், அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான்.

சொல்லியிருக்கலாம். இது எந்தப் படகு, இதில் போனவர்கள் யார், அவர்கள் ஏன் வரவில்லை, எல்லாம் நாலே வார்த்தை. சொன்னால் தம்பி இந்தப் படகில் கால் வைக்கமாட்டான். அவனுடைய முதல் படகு. அதோடு, ஏன் என்று ஊர் முழுக்கக் கேட்கும்.

"ஒண்ணுமில்லடா. பழசு. எல்லாத்தையும் மாத்திடுறேன்."

மாற்றினாள். வண்டியிலிருந்து புது ஆண்டெனாவும் புதுக் கேபிளும் கொண்டுவந்து, ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை ஈயம் வைத்து, டேப்பைக் கீழிருந்து மேலாக, மூன்று அடுக்கு சுற்றினாள். மீட்டரின் இரண்டாவது முள் செத்த பல்லிபோல அசையாமல் படுத்துக் கிடந்தது. ரேடியோ சுத்தமாக இருந்தது. பழைய துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி, துறையின் முனையில் தன் கையாலேயே ஆழத்தில் போட்டாள். சாக்கு உடனே மூழ்கியது. குமிழிகள் மட்டும் வெகுநேரம் வந்துகொண்டிருந்தன.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பதினைந்து மைல் தள்ளி, நிலம் கடலுக்குள் நீளும் முனையைத் தாண்டியதும் அவளைக் கூப்பிட வேண்டும். செல்போன் எட்டாத தூரம் அது. அங்கிருந்து பேசினால்தான் சோதனை. கேட்காவிட்டால் அப்படியே படகைத் திருப்ப வேண்டும். தம்பி அவள் தலையில் செல்லமாகத் தட்டி, சரி மேடம் என்றான். மூன்று மணிக்கு அவனும் என்ஜின்காரனும் வலைக்காரன் ஒருவனுமாகக் கிளம்பினார்கள். நீலப் படகு அந்த வெளிறிய மூட்டத்தை நோக்கிப் போய்ச் சிறுத்தது.

நாலே முக்காலுக்கு அவள் தன் பட்டறையில் ரேடியோவின் முன் உட்கார்ந்திருந்தாள். சன்னலில் நல்ல வெயில். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள். கண்ணாடி இழைகள் ஏறிய விரல்கள் இன்னும் அரித்தன. கூரைமேல் இருந்த ஆண்டெனா போன மாதம்தான் அவள் கையால் வைத்தது.

"அக்கா, முனையைத் தாண்டியாச்சு. கேக்குதா?"

பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலிருந்தது. அவள் மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள்.

"நல்லாக் கேக்குதுடா. உனக்கு?"

"அக்கா? கேக்குதா?"

"கேக்குதுடா. சொல்லு."

"என்ஜின்காரரே, அக்கா பேசவே இல்ல. தூங்கிட்டாளோ?" தம்பியின் சிரிப்பு தெளிவாக வந்தது. "அக்கா?"

அவள் மறுபடி பொத்தானை அழுத்தி, பட்டறை ரேடியோவில் பொருத்தியிருந்த மீட்டரைப் பார்த்தாள்.

இரண்டு முள்ளும் ஒன்றாக எழுந்து நின்றன.

கேபிளைப் பிடுங்கினாள். மறுபடி மாட்டினாள். பொத்தானை விரல் வெளுக்க அழுத்திக் கத்தினாள். அவள் கத்தியதெல்லாம் கூரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. மாட்டிய இடத்தில் விரல்கள் நனைந்தன. பனிக்கட்டிபோலக் குளிர்ந்த தண்ணீர்.

"ஆ, இப்பக் கேக்குது. சொல்லுக்கா."

அவள் கை பொத்தானில் இல்லை. மைக் மேசையின்மேல் கிடந்தது.

"எத்தனை பேரா? மூணு பேர்தான். நீதானே வழியனுப்பினே?"

இல்லை, இல்லை என்று அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

"தண்ணியா? காலையிலதான் ரொப்பினோம். இரு, பாக்கச் சொல்றேன்." சற்று நேரம் என்ஜின் சத்தம் மட்டும். பிறகு அது விக்கி, இருமி, நின்றது. அந்த அமைதியில் யாரோ பீப்பாயைத் தட்டும் ஒலி. "காலியா இருக்குன்றானே. எப்படிக்கா உனக்குத் தெரியும்?"

அவள் மைக்கை எடுத்தாள். "அது நான் இல்லடா. திரும்பி வா. அது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி பேசின நான்." இரண்டு முள்ளும் எழுந்தன. இரண்டும் விழுந்தன.

"வெளிச்சமா? ஒண்ணும் தெரியலக்கா. ஒரே மூட்டம். பகல்தானே இப்ப?"

இதோடு அந்தத் தாளின் மூன்று கேள்விகளும் முடிந்தன. தாளில் அடியில் நாலாவதாக ஒரு வரி உண்டு. தேடுதலை நிறுத்திய அன்று மாலை ஒரே ஒருமுறை மட்டும் வாசிக்கச் சொன்ன வரி. அவள் அதைக் குரல் நடுங்காமல், நிறுத்தி நிதானமாக வாசித்துவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் வெகுநேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. தம்பி எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சின்ன வயதில் அவள் கதை சொல்லும்போது அவன் மூச்சு விடுவது இப்படித்தான் கேட்கும்.

பிறகு அவன் பேசினான். அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"இனிமே கூப்பிட மாட்டேன்னா என்னக்கா அர்த்தம்? நான்தான் கேட்டுக்கிட்டே இருக்கேனே."